பொங்கல் லீவுக்கு தாயமா, ஊனோவா?

காட்பாடியில் ரயில் இறங்கி வருகிற சொந்தமெல்லாம் ஒரே வீட்டில் சேர்ந்து பத்து பேர் ஆகிவிட்டால் ஊனோதான் சரி. ஆளுக்கு 7 கார்டு, நிறமோ எண்ணோ ஒத்துப்போனால் போடு, ஒரு ரவுண்டு பார்த்தாலே பிடிபட்டுவிடும். சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் ஒரு ஆட்டம் முடியும். ஆயாவுக்குத்தான் கார்டில் இருக்கிற அம்புக்குறியெல்லாம் சரியாகத் தெரியாது.

நாலு பேர், நீண்ட மதியம் என்றால் என் ஓட்டு தாயத்துக்கு. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் உடைந்த வளையல் துண்டும் காயாக வைத்தால் ஆச்சு, தாயக்கட்டை மட்டும் இருந்தால் போதும். சிக்கல் தொடக்கத்தில்தான்: தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும், இரண்டு கட்டையை உருட்டினால் அதற்கு எட்டில் ஒரு வாய்ப்புதான், அதற்குள் சின்னப் பசங்க அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதல் காயைச் சும்மாவே இறக்கிவிடுவோம். அப்புறம் வெட்டு ஆரம்பிக்கும் பாருங்கள், அதுவரை ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டிருந்த பெரியப்பா கூட "அஞ்சு போடுடா, அவ காய வெட்டிடலாம்" என்று எழுந்து வந்துவிடுவார்.