போடி ஏலக்காய் மின்னணு ஏலம்: விலை எவ்வளவு சுதந்திரமானது?

மலையில் விளையும் ஏலக்காயை விற்க இப்போதுள்ள வழிகளில் போடிநாயக்கனூர் ஏலமே நல்லது. அதை அப்படியே சுதந்திரச் சந்தை என்று சொல்லிவிட முடியாது. அதில் விலை ஓரளவு நியாயமாக அமைவதே மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் கட்டுப்பாடுகளால்தான்.

2007-க்கு முன் கூவித்தான் ஏலம் நடந்தது. இப்போது போடியிலும், போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உள்ள புற்றடியிலும் கணினியில் விலை ஏறுகிறது. உரிமம் பெற்ற ஏலக் கம்பெனியில் சாக்கை இறக்கினால் எடை போட்டு, மாதிரி எடுத்து, அந்தச் சரக்குக்கு ஒரு லாட் (தொகுதி) எண் தருவார்கள். ஏலம் எடுக்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். கண்டவரெல்லாம் உள்ளே வந்து விலை கேட்க முடியாது. சுதந்திரம் பேசுவோருக்கு இது உறுத்தலாம். ஆனால் கேட்ட விலைக்குப் பணம் தராமல் ஓடுகிறவரைத் தடுக்க வேறு வழி ஏது?

மாதிரிதான் இந்த ஏலத்தின் உயிர். வியாபாரி ஒரு பிடி காயை அள்ளிக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்திருந்தால் விதை கலகலக்கும். ஒன்றிரண்டைப் பிளந்து பார்ப்பார். விதை கருத்திருந்தால் முற்றிய காய், வெளுத்திருந்தால் பிஞ்சு. பிறகு நிறம், வெடிப்பு, ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை. அரசின் தர முத்திரையான ஆக்மார்க் கணக்கில் 7 மி.மீ. சல்லடையில் நிற்கும் எக்ஸ்ட்ரா போல்டு ரகம் லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும், 6 மி.மீ. போல்டுக்கு 415. காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு 55 டிகிரியைத் தாண்டினால் பச்சை மங்கும். பாதி காய்ந்த நிலையில் இறக்கினால் சாக்கிலேயே பூசணம் பிடிக்கும். எடை நிற்கட்டும் என்று ஈரத்தை விட்டுவைப்பது பெரிய தப்பு. அந்த ஈரத்தை வியாபாரி கையிலேயே கண்டுபிடித்துவிடுவார், விலையில் கழித்தும்விடுவார். 8 மி.மீ. சல்லடையில் நின்ற காய்க்குத் தனி விலை உண்டு. அதைச் சிறுகாயோடு கலந்துவிட்டால் தரம் பிரிக்காத மொத்தக்காய் விலைதான்.

வாரியத்தின் தினசரி விலைப் பட்டியலைப் பார்ப்பவர்கள் முதலில் அதிகபட்ச விலையைத் தேடுகிறார்கள். அந்த விலை ஒரே ஒரு லாட்டுக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் போனது அப்படித்தான். அன்றைய சராசரி வெகு கீழே இருந்தது. கவனிக்க வேண்டியது சராசரி விலையும், வந்த எடைக்கும் விற்ற எடைக்கும் உள்ள இடைவெளியும். இடைவெளி பெரிதாக இருந்தால், கேட்ட விலை கட்டாமல் பல லாட்டுகள் விலை போகாமல் நின்றிருக்கின்றன என்று அர்த்தம்.

குறை எங்கே? வியாபாரியும் காயைத் திரும்ப ஏலத்தில் வைக்கலாம். மலையில் சில்லறையாக வாங்கியதும், ஏலத்தில் எடுத்ததும் புது லாட்டாக வந்து நிற்கும்போது வரத்து ஊதித் தெரியும்; வரத்து கூடிவிட்டது என்றால் கேட்கும் விலையும் இறங்கும். இதைக் கடுமையாகக் கண்காணித்தே ஆக வேண்டும். அடுத்தது பணம். ஏலப் பணம் கைக்கு வரச் சில நாட்கள் ஆகும். காய் எடுப்புக் கூலியோ வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். அரை ஏக்கர்காரர் மலைக்கடையில் ரொக்கத்துக்குப் போடுவது அதனால்தான். விலை கட்டாவிட்டால் காயை நிறுத்திவைக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது. கூலி கொடுக்கக் கையில் பணம் இருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

2020 பொதுமுடக்கத்தில் ஏலமே நின்றது. எல்லை அடைபட்டதும் இந்தப் பக்கத்து வியாபாரி அந்தப் பக்கம் போக முடியவில்லை. பிறகு இரண்டு இடத்திலிருந்தும் ஒரே ஏலத்தில் விலை கேட்கும் வசதி 2021-ல் வந்தது. கேட்கும் ஆள் கூடினால் விலை நிற்கும், அந்த வகையில் உருப்படியான மாற்றம். இதையும் மீறிக் குவாத்தமாலாவில் விளைச்சல் கொட்டினால் வளைகுடாவில் நம் காய்க்குக் கிராக்கி குறையும், போடியிலும் விலை படுக்கும்.

காய் கொண்டுபோகிறவர்கள் பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்கில் கட்டுங்கள். எடைச் சீட்டில் சாக்கின் எடையை எவ்வளவு கழித்திருக்கிறார்கள், மாதிரிக்கு எத்தனை கிராம் எடுத்தார்கள் என்பதை அங்கேயே எழுதி வாங்குங்கள். பணம் வரும் தேதியைச் சாக்கை இறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.