10 நாட் வரம்புக்குள் சிறு படகை மேலேற்ற எது உதவும்?

நான்கு மீட்டர் மோட்டார் படகுக்கு 10 நாட் (மணிக்கு 18.5 கி.மீ.) என்பது இரண்டுங்கெட்டான் வேகம். படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்வரை அதன் வேகத்தை நீளமே தீர்மானிக்கிறது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 13 அடிக்கு ஏறக்குறைய 4.8 நாட். அதற்கு மேல் த்ராட்டிலைத் திருகினால், படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயலும். மூக்கு தூக்கும், பின்பக்கம் அமுங்கும், எஞ்சின் உறுமும், வேகம் மட்டும் கூடாது. இந்த மேட்டைத் தாண்டி ப்ளேனிங்குக்கு, அதாவது படகு மேலெழும்பி நீரின் மேல் சறுக்கிப் போகும் நிலைக்கு வர, சாதாரணச் சிறு படகுக்கு 10 நாட்டோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ தேவைப்படும். சரியாக அந்த இடத்தில்தான் பல ஏரிகளின் வரம்பு வந்து நிற்கிறது. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் 2005 முதல் நடைமுறையில் இருப்பது இந்த 10 நாட்தான்.

முதலில் அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும் அலகைப் பாருங்கள். 10 நாட் என்றால் மணிக்கு 18.5 கி.மீ.; 10 மைல் என்றால் 16 கி.மீ., அதாவது 8.7 நாட்தான். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது இந்த ஒன்றேகால் நாட்தான்.

படகைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 15 நாட்டில் கிடைக்கும் தூக்கலில் 36 சதவீதம்தான் 9 நாட்டில் கிடைக்கும். மீதியை அகலத்தாலும், அடிப்பரப்பாலும், எடைக் குறைப்பாலும் ஈடுகட்ட வேண்டும். இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. கீழே அலசும் பெரும்பாலான வழிகளுக்குச் சொல்லப்படும் குறைகள் எல்லாம் வேகம் போகும்போது வருபவை. நமக்குத்தான் வேகமே கிடையாதே! திறந்த நீரில் கூடாது என்று ஒதுக்குவதைத் துணிந்து செய்யலாம்.

காசில்லாத வழியிலிருந்து தொடங்குவோம். தனியாக ஓட்டுபவர் கைப்பிடியைப் பிடித்தபடி பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். எஞ்சின், பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஆள் எல்லாம் ஒரே மூலையில். கைப்பிடிக்கு ஒரு நீட்டுக்குழாய் மாட்டி நடு இருக்கைக்கு வந்து, டேங்கை முன்னால் தள்ளிப் பாருங்கள். மூக்கு இறங்குவது கண்ணுக்கே தெரியும். எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை முடிவு செய்யும் முள்ளை ஒரு துளை உள்ளே மாற்றினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்த இரண்டையும் செய்து பார்க்காமல் கடைக்குப் போவது வீண். ஒரே எச்சரிக்கை: இடம் மாறி உட்கார்ந்தாலும் எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு உங்கள் உடம்போடு இணைந்திருக்க வேண்டும்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் போட்டி: எஞ்சின் காலில் (நீருக்குள் இறங்கும் பாகத்தில்) மாட்டும் இறக்கையா, பின்பலகையில் மாட்டும் தகடான ட்ரிம் டேபா (trim tab)?

இறக்கை மலிவு, அரை மணி நேர வேலை. ப்ரொப்பெல்லருக்கு மேலுள்ள தகட்டில் அதைப் பொருத்தினால் பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை இறக்கும். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் தூக்கும் சுமை முழுவதும் அந்தத் தகட்டின் மேல் விழுகிறது. சில வகைகளுக்குத் தகட்டில் துளை போட வேண்டும், போட்ட துளை போட்டதுதான். பரப்பும் சிறியது, எனவே 8, 9 நாட்டில் அதன் உதவிக்கு ஓர் அளவு உண்டு.

ட்ரிம் டேப் படகின் அடிப்பரப்பையே பின்னால் நீட்டுகிறது. எஞ்சின் காலுக்குப் பாரமில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துக் கிடைக்கும் பரப்பு அதிகம். வேகப் படகுகளில் டேபைப் பெரிதாக வைத்தால் மூக்கு அளவுக்கு மீறி அமுங்கி, திரும்பும்போது படகு தறிகெட்டு இழுக்கும். 10 நாட்டுக்குள் அந்தத் தொல்லை வெகு குறைவு. ஆகவே உங்கள் படகுக்குச் சொல்லப்படும் அளவைவிட ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். பின்பலகையில் துளையிட்டு, நீர் புகாமல் அடைக்க வேண்டிய வேலை இருக்கிறது. அதையும் மீறி என் ஓட்டு டேபுக்குத்தான்.

ப்ரொப்பெல்லரை மாற்றுவது பலர் மறக்கும் வழி. எஞ்சின் 5,000 சுற்றில் ஓடுகிறது, கியர் விகிதம் 2.08 என்று வைத்துக்கொள்வோம். 9 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) கொண்ட ப்ரொப்பெல்லர், நீரில் வழுக்கி இழக்கும் பங்கைக் கழிக்காமல், மணிக்கு சுமார் 33 கி.மீ. வேகத்துக்கானது. நமக்கு வேண்டியது 18. மேட்டில் திணறும்போது அந்த எஞ்சினால் சுற்று எடுக்கவே முடியாது, டாப் கியரில் மேடேறும் சைக்கிள் மாதிரி. 7 அங்குலத்துக்கு இறங்கினால் கணக்கு 26 கி.மீ.க்கு வரும், வழுக்கல் போக ஏறக்குறைய 20. வரம்புக்கு அருகிலேயே எஞ்சின் தன் முழு பலத்தையும் காட்டும். காலியான படகில் முழு த்ராட்டில் கொடுத்தால் சுற்று எல்லை மீறக்கூடும், அதை மட்டும் கவனியுங்கள்.

இத்தனையும் ஒட்டு வேலைதான். உண்மையான வித்தியாசம் அடிப்பாகத்தில் இருக்கிறது. கடலுக்கென்று செய்த, 20 டிகிரி வி வடிவ அடி கொண்ட படகை 9 நாட்டில் ஏற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சாய்ந்த பரப்பு நீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தூக்கலை இழக்கிறது. அதே நீளத்தில் தட்டை அடியும் நல்ல அகலமும் கொண்ட, மெல்லிய அலுமினியப் படகு ஓர் ஆளோடு 9 நாட் அளவிலேயே ஏறிவிடக்கூடும். தட்டை அடி அலையில் அடிக்கும், முதுகை ஒடிக்கும் என்பார்கள். அலை இருந்தால் உண்மை. சின்ன ஏரியில், இந்த வேகத்தில், அது பெரிய குறை இல்லை. காற்றடைத்த படகு எடையில் ஜெயிக்கும், ஆனால் உருண்டைக் குழாய்கள் பின்னால் நீரில் இழுபடுவதால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். புதிதாக வாங்குபவராக இருந்தால் டேபுக்கும் இறக்கைக்கும் ஒதுக்கும் காசைத் தட்டை அடியில் போடுங்கள்.

ஏறிவிட்டதா என்று அறிய ஜிபிஎஸ் மட்டும் போதாது, பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். பின்பலகையின் கீழ் விளிம்பில் தண்ணீர் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மேட்டில்தான் நிற்கிறீர்கள். விளிம்பில் வெட்டியதுபோல் பிரிந்து, பலகை காய்ந்து தெரிந்தால் ஏறிவிட்டது. அப்போது த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தாலும் வேகம் விழாது. ஒரு சிறு படகுக்கு ஏறுவதற்குத் தேவையான வேகத்தைவிட, ஏறியபின் நிலைத்திருக்கத் தேவையான வேகம் சற்றுக் குறைவு. ஆனால் ஏறும்போது ஒரு கணம் 11 நாட் தொட்டாலும் மீறல் மீறல்தான்.

வரம்பு 6 நாட் என்றால் இந்த அலசலே வேண்டாம். அங்கே போட்டி வேறு: நீளமும் ஒடுக்கமுமான 6 மீட்டர் படகு ஒரு சின்ன மோட்டாரில் பெரிய அலை எழுப்பாமல் 5 நாட் போகும். பேட்டரி மோட்டார் மட்டும் அனுமதிக்கும் ஏரிகளிலும் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்று, அலை. ஒரு படகு எழுப்பும் மிகப் பெரிய அலை மேட்டில் திணறும்போதுதான் வருகிறது; கரையை அரிப்பதும் நின்றிருக்கும் படகுகளை ஆட்டுவதும் அதுதான். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, 7 நாட்டில் மூக்கைத் தூக்கியபடி போகிறவர் வரம்பை மீறவில்லை, ஆனால் வரம்பு எதற்காகப் போடப்பட்டதோ அதைக் கெடுக்கிறார். ஆள் ஏறினால் அன்றைக்கு ப்ளேனிங் இல்லை என்று வைத்துக்கொண்டு, வேகத்தை நான்கு நாட்டுக்குக் குறைத்துவிடுங்கள்.