மதர்போர்டை மாற்றினால் லைசென்ஸ் எங்கே போகும்?

கேபினெட்டையும் எஸ்எஸ்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் புதிதாகப் போட்டேன். பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் சமத்தாக எழுந்து வந்தது. திரையில் வைத்திருந்த படம்கூட மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபைல் எல்லாம் பழசுதான். ஆனால் போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு மெஷின்.

இந்த இடத்தில் யாருக்குச் சுலபம், யாருக்குத் தலைவலி என்பது கையில் இருப்பது எந்த வகை லைசென்ஸ் என்பதைப் பொறுத்தது. மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடலாம். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்துதான். பெட்டி வரச் சில விநாடி ஆகும், பொறுமையில்லாமல் மறுபடி தட்ட வேண்டாம். அதில் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். கூடவே லைசென்ஸ் கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் தெரியும்.

ஓஇஎம் என்பது லேப்டாப்போடும் பிராண்டட் டெஸ்க்டாப்போடும் வருவது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனிகள் கீயைப் போர்டில் இருக்கும் பயாஸ் சிப்புக்குள்ளேயே பதித்து அனுப்புகின்றன. எஸ்எஸ்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டி, மறுபடி விண்டோஸ் ஏற்றினாலும் அது கீ கேட்பதில்லை, தானே படித்துக்கொள்ளும். ஃபார்மட் அடிக்கிறவருக்கு இதைவிடச் சுகமானது கிடையாது. போர்டு போனவருக்கு இதைவிட மோசமானதும் கிடையாது, ஏனென்றால் லைசென்ஸ் அந்தப் போர்டோடு முடிந்துவிடும். வாரண்டியில் பழுதான போர்டுக்குப் பதிலாக அதே ரகப் போர்டு கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு.

ரீடெய்ல் என்பது கடையில் தனியாக வாங்குவது, விலை அதிகம். அந்தக் காசு எதற்கு என்பது இந்த மாதிரி நாளில்தான் புரியும்: பழைய மெஷினிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு மெஷின் என்பதுதான் நிபந்தனை. அப்படியானால் 25 எழுத்துக் கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்தால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னுடையது விண்டோஸ் 7 ரீடெய்ல் டிவிடியிலிருந்து இலவசமாக விண்டோஸ் 10க்கு ஏறிய புரோ பதிப்பு. அப்போது ஒரு மென்பொருளை ஓட்டிக் கீயை எடுத்து டைரியில் எழுதி வைத்திருந்தேன். கடைசி ஐந்து எழுத்து 3வி66டி. பிறகுதான் தெரிந்தது, அப்படி இலவசமாக ஏறிய புரோ மெஷின்கள் எல்லாவற்றிலும் இருப்பது இதே கீ. சும்மா ஒப்புக்குப் போட்டு வைப்பது, எதையும் ஆக்டிவேட் செய்யாது. விண்டோஸ் 7 டிவிடியில் இருந்த நிஜக் கீயும் இனி உதவாது, 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்துவிட்டது.

என்னைக் காப்பாற்றியது மைக்ரோசாஃப்ட் கணக்கு. விண்டோஸ் 10இன் 2016 ஆண்டுவிழாப் பதிப்பிலிருந்து லைசென்ஸை அந்தக் கணக்கோடு இணைக்க முடிகிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், டிரபிள்ஷூட் தட்டி, ‘சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, கணக்கில் நுழைந்தால் நம் மெஷின்களின் பட்டியல் வரும். எனக்கு மூன்று வந்தன. மூன்றும் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி, பின்னால் தாறுமாறான எழுத்தும் எண்ணும். எது பழைய மெஷின் என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவதில்தான் மாட்டியது. அப்புறம் முதல் வேலையாக மெஷினுக்கு ஒழுங்காக ஒரு பெயர் வைத்தேன். இணைப்பைப் போர்டு மாற்றுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பதும், ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என்று பதிப்பு ஒத்துப்போக வேண்டும் என்பதும் மறக்கக் கூடாதவை. தாளா, கணக்கா என்றால் நான் கணக்கு பக்கம்தான். கடையில் வாங்கிய நிஜ ரீடெய்ல் கீ இருந்தால் மட்டும் தாளையும் பத்திரமாக வையுங்கள்.

வால்யூம் என்பது நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது. அப்படி வந்தால், அது அலுவலக மெஷினாக இருந்தால் சரி. கேஎம்எஸ் முறையில் 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு மெஷினில் அந்த வார்த்தை தெரிந்தால், ஏற்றிக்கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீயை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஒரு தடவை வேலை செய்யும், போர்டு மாறிய பிறகும் செய்யுமா என்றால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

விண்டோஸைத் தாண்டினால் அடோபி போன்றவை எளிது. இரண்டு மெஷின் என்ற வரம்பு நிரம்பிவிட்டால் பழையதை வெளியேற்றச் சொல்லும், அவ்வளவுதான். இசைக்காரர்கள் மென்பொருள் லைசென்ஸை வைத்திருக்கும் ஐலாக் என்ற யூஎஸ்பி டாங்கிளைப் பிடுங்கிப் புதியதில் செருகினால் முடிந்தது. ஆனால் அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருள் தொலைந்தால் அதிலிருக்கும் லைசென்ஸுக்கெல்லாம் அலைய வேண்டும்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி இரண்டுக்கும் நடுவில். போர்டைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளே போய் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டால் புதியதில் சீரியல் நம்பரும் மின்னஞ்சலும் கொடுத்து ஏற்றலாம். மெஷின் செத்தே போயிருந்தால் ரீஆக்டிவேட் வழி இருக்கிறது. எப்படியானாலும் அன்லாக் கீ பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும். நண்பரின் கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாம் சரியாகச் செய்தோம், கீ வரவே இல்லை. பதிவு செய்திருந்தது நான்கு வருடம் முன்பு வேலையை விட்டுப்போன கணக்காளரின் சொந்த மின்னஞ்சல். நல்ல மனுஷன், போன் போட்டதும் கீயைப் பார்த்துச் சொன்னார்.

ஒன்று விட்டுப்போனது, லைசென்ஸைவிட அவசரம். வட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், போர்டு மாறியதும் 48 இலக்க மீட்புக் கீ கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருக்கும் ஃபைல் எதுவும் திறக்காது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் அந்தச் சாம்பல் எழுத்தோடு வேலையாவது பார்க்கலாம், இதில் அதுவும் முடியாது. ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் அந்தக் கீயை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.