ஒன்பது கோல் வாங்கினதுக்கு ஒரு ஸ்டாரா?

இந்த ஃபுட்பால் அகாடமிக்கு இங்கே ரிவ்யூவில் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும் ஒற்றை ஸ்டார் எல்லாம் எங்கள் பேட்ச் பெற்றோர்கள் போடுவதுதான். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்கள் திண்டுக்கல்லில் ஒரு போட்டிக்குப் போய் 9-0 என்று தோற்று வந்தார்கள், உடனே கோச் சரியில்லை, ஆளை மாற்று என்று கிளம்பிவிட்டார்கள். என் பையனும் அந்த டீமில் ஆடினான், நானும் கூடவே போய் முழு மேட்சையும் பார்த்தேன், அதனால் நடந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் ஸ்டார் போடுகிறேன்.

பையன்கள் இங்கே பழகுவது வலை கட்டிய டர்ஃபில் (செயற்கைப் புல் தரை), டீமுக்கு ஏழு பேர். பந்து வெளியே போகாது, எகிறாது, உருண்டு நேராகக் காலுக்கு வரும். அங்கே கொடுத்தது பெரியவர்கள் ஆடுகிற செம்மண் கிரவுண்டு, பதினோரு பேர் ஆட்டம். பாஸ் போட்டால் பாதி வழியில் பொடிக்கல்லில் பட்டு எங்கேயோ தெறிக்கிறது. கோல்போஸ்ட்டும் முழு அளவு: 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அதாவது எட்டு அடி. நம் கோல்கீப்பர் பொடியன், எம்பிக் குதித்தாலும் மேல் கம்பி எட்டாது. எதிர் டீம் இரண்டாவது கோலுக்குள் இதைக் கண்டுபிடித்துவிட்டது, அப்புறம் தூரத்திலிருந்தே தூக்கித் தூக்கி அடித்தார்கள். ஒன்பதில் ஐந்து அவன் தலைக்கு மேலே போனதுதான். அதற்குக் கோச் என்ன செய்வார், பையனைப் பிடித்து இழுத்தா நீட்ட முடியும்?

அன்று ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்திருக்க வேண்டும். "இத்தன மாசமா இவய்ங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தாரு?" என்று ஒருவர். நன்றாக ஆடுகிற பையனை எதற்கு வெளியே உட்கார வைத்தார் என்று இன்னொருவர் (யாருடைய அப்பா என்று சொல்லவே வேண்டாம்). எல்லாப் பையன்களுக்கும் ஆட நேரம் கொடுப்பேன் என்று சேர்க்கும்போதே கோச் சொன்னார், அப்போது எல்லாரும் தலையாட்டினோம். கடைசியில் ஒரு அண்ணன் பிரேசிலையே இழுத்துவிட்டார், 7-1 வாங்கினதும் அவய்ங்க கோச்ச வீட்டுக்கு அனுப்பலயா என்று. அனுப்பினார்கள்தான். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஆறு நிமிஷத்துக்குள் நாலு கோல் வாங்கிய மேட்ச் அது. நெய்மாருக்கு முதுகெலும்பில் அடி, கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை, இரண்டு பேருமே ஆடவில்லை. திட்டு வாங்கியது கோச் ஸ்கொலாரி, 2002இல் அதே பிரேசிலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுஷன். அவர் போன பிறகும் 2018, 2022 இரண்டிலும் காலிறுதியோடு ஊர் திரும்பினார்கள். நம் இந்திய அணி மட்டும் என்ன, 2024இல் கோச் ஸ்டிமாச்சை நீக்கினார்கள், 2025இல் மனோலோ மார்க்கேஸ் விலகினார், அடுத்து காலித் ஜமீல் வந்தும் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றோம். கோச் மேல் தப்பே இருக்காது என்று சொல்லவில்லை, முதலில் மேட்சைப் பாருங்கள் என்கிறேன்.

நம் கோச் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று கேட்டவர்கள் ஒருநாள் செல்போனை உள்ளே வைத்துவிட்டு வலைக்கு வெளியே நின்று பார்க்கலாம். பையனுக்கு எதிரிலிருந்து ஒருவன் பாஸ் போடுவான், இவர் பையனின் முதுகுக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுவார். பந்து காலுக்கு வருவதற்குள் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும், தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து. விளையாட்டு மாதிரித்தான் இருக்கும், ஆனால் பந்து வருமுன் சுற்றி யார் நிற்கிறார் என்று பார்க்கிற பழக்கம் அப்படித்தான் வரும். திண்டுக்கல்லில் ஆறு கோல் விழுந்த பிறகும் என் பையன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துத்தான் பந்தை வாங்கினான். வலைக்கு வெளியே நின்று "ஷூட்டு, ஷூட்டு" என்று நாம் கத்துவது அவனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

குறை நிர்வாகத்திடம்தான். இந்த வருஷம் போட்டி வேண்டாம், பையன்கள் பெரிய கிரவுண்டில் ஆடியதே இல்லை என்று கோச் சொன்னதை நானே காதால் கேட்டேன். ஃப்ளெக்ஸ் வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்பதற்காகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையும் சேர்த்துப் பதினோரு பேர் கணக்குக் காட்டிக் கூட்டிப் போனார்கள், நுழைவுக் கட்டணம், வேன் வாடகை எல்லாம் நம்மிடமே வாங்கி. ஜெர்சியும் அவர்களிடமேதான் வாங்க வேண்டும், முதல் துவைப்பிலேயே சாயம் கழன்றுவிட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாட்களில் அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் யாரும் வர முடியாது, வகுப்பு நிற்கும், சரி, ஆனால் அதற்கு ஈடாக ஒரு வகுப்பாவது வைக்கலாமே. டர்ஃபில் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் துகள் சாக்ஸ் வழியாக வீடு வரை வரும், வாஷிங் மெஷினில் போடுமுன் வாசலிலேயே உதறிவிடுங்கள்.

கோச்சுக்கு ஐந்து, நிர்வாகத்துக்கு மூன்று, எனவே நான்கு ஸ்டார். கோச்சை மாற்றச் சொல்லி ஒரு லெட்டர் சுற்றுகிறது, நான் கையெழுத்துப் போடவில்லை. புதிதாகச் சேர்ப்பவர்கள் சனி, ஞாயிறு காலை பேட்ச் கேட்டு வாங்குங்கள், அதற்கு இவர்தான் வருவார். சாயங்கால பேட்சுக்குப் பாதி நாள் வேறு யாரோ ஒரு தம்பி விசிலோடு வந்து நிற்பார். ஷின் கார்டை (முழங்காலுக்குக் கீழே கட்டுகிற காப்பு) மட்டும் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே விற்பது ஒன்றரை மடங்கு விலை.