ராஜ்தூத் 350-க்கு டிரம் பிரேக்தான் சரி: புதுப்பேட்டைப் பட்டறை ஒன்றின் வேலை

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்து வண்டி என்று சொல்லி ராஜ்தூத் 350 மோட்டார்சைக்கிளை மீட்டெடுக்கிறார்கள். பிறகு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கை மாட்டுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1973-இன் ஜப்பானிய யமஹா ஆர்டி 350-க்கு முன்னால் டிஸ்க் இருந்தது உண்மைதான். ஆனால் அதையே 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்று இங்கே தயாரிக்கத் தொடங்கியபோது, விலையைக் குறைக்க ஏழு அங்குல டிரம்மைத்தான் கொடுத்தார்கள். நம் வண்டிக்கு உரியது அதுவே.

"பிடித்தால் நிற்காது" என்ற கெட்ட பெயர் அந்த டிரம்முக்கு உண்டு. அதில் பெரும்பங்கு பொருத்தியவர்களைச் சேரும். சென்னைப் புதுப்பேட்டையில், டிரம்மின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவுக்கு லைனிங் (உராய்வுப் பட்டை) ஒட்டித் தரும் சிறிய பட்டறை ஒன்றில் என் சக்கரத்தைக் கொடுத்து வாங்கிய பிறகு இதைத் துணிந்து சொல்கிறேன்.

பட்டறைப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது: "சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தாகிவிட்டதா, தம்பி?" ஸ்போக் கம்பிகளை இறுக்கும்போது டிரம் இம்மியளவு வட்டம் பிசகும். ஆகவே சக்கரத்தைக் கட்டி முடித்த பின்புதான் டிரம்மின் உட்புறத்தை லேத்தில் கடைய வேண்டும். கடைந்த வளைவுக்குப் பொருந்த லைனிங்கையும் கடைந்து, அதன் முன்விளிம்பைச் சாய்வாக ராவிக் கொடுத்தார்.

அடுத்தது இன்னும் நுட்பமான வேலை. இந்த டிரம்மில், ஷூவை டிரம்மை நோக்கித் தள்ளும் கேம்கள் இரண்டு. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது இரண்டு ஷூக்களுமே டிரம்மோடு இழுபட்டு மேலும் இறுகும், பலமே அதில்தான். இரண்டும் ஒரே கணத்தில் தொட வேண்டும். கேம்களை இணைக்கும் கம்பியின் நீளம் தவறினால் ஒரு ஷூ மட்டுமே உழைக்கும். பல மெக்கானிக்குகள் அந்தக் கம்பியைத் தொடுவதே இல்லை. பெரியவர் அதைக் கழற்றி, ஒவ்வொரு கேமையும் ஷூ டிரம்மைத் தொடும்வரை தனித்தனியே திருப்பி, அந்த நிலைக்கு ஏற்பக் கம்பியின் நீளத்தை அமைத்தார். இப்போது வண்டி நேராக, நம்பும்படி நிற்கிறது.

குறைகளும் உண்டு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் விடாமல் சுற்றினால் டிரம் சூடாகி விரியும். லீவர் கைப்பிடியை நெருங்கும். மேட்டில் வண்டி பின்னோக்கி நழுவினால் முன்பிரேக் ஏறக்குறைய பிடிக்காது. பின்பிரேக்கில் காலை வைத்திருங்கள்.

பட்டறையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்துக் கிளப்புகிறார்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுத்த பிறகே சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.