இன்ஜினை இறக்காமல் எட்டு நாள்

இந்தத் தடவை ஊரில் மூன்று வாரம் இருந்தேன். விமானம், பெட்டி, வங்கி வேலை, பல் டாக்டர் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதிலெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது அப்பாவின் அம்பாசிடர். 1978 மாடல், மார்க் 3, பெட்ரோல். மூன்று வாரத்தில் எட்டு நாள் அது பொள்ளாச்சியில் ஒரு தகரக் கொட்டகையில் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டில். அம்பாசிடரின் தாயான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் வண்டியைச் செய்த கௌலி தொழிற்சாலை வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். இப்போது அங்கே பிஎம்டபிள்யூ மினி கார் செய்கிறது. மோரிஸ் என்றால் என் மகனோடு படிக்கும் பையன்களுக்கு ஒன்றும் தெரியாது. பொள்ளாச்சியிலோ டீ வாங்க வந்தவர்கூட பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பாயிண்ட்டைத் தேச்சு விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

வண்டிக்கு வந்த வியாதி இதுதான்: மிஸ்ஸிங் அடித்தது, அதாவது இன்ஜின் விட்டு விட்டு ஓடியது; இழுவை இல்லை. ஆழியாறு பக்கம் ஒரு சின்ன மேட்டில் இரண்டாவது கியரிலேயே திணறியது. முதலில் கொண்டுபோனது பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு. கண்ணாடிக் கதவு, ஏசி, கணினியில் அடித்த மதிப்பீட்டுத் தாள், எல்லாம் நான் இங்கிலாந்தில் பார்த்துப் பழகிய மாதிரியே இருந்தன. அதனாலேயே நம்பிவிட்டேன். இன்ஜினை வெளியே இறக்கி முழு ஓவராயில் செய்ய வேண்டும், 85,000 ரூபாய், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இல்லாவிட்டால் வேறு ஒரு டீசல் இன்ஜினை வாங்கி மாட்டிவிடலாம், மைலேஜும் கிடைக்கும் என்று ஒரு யோசனை வேறு.

அப்பாவுக்கு வயது 81. தாளைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, "நம்ம ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருலாம் கண்ணு" என்றார். நம்ம ஆள் என்றால் முப்பது வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக். அவர் மதிப்பீட்டைப் படிக்கவே இல்லை. "எதுக்குங்க தம்பி இறக்கறது? கிராங்க் தேஞ்சிருந்தா இறக்கித்தான் ஆகோணும். ரிங்கே போயிருந்தாலும் அடியில இருக்கற ஆயில் சம்ப்பைக் கழட்டிப்போட்டு பிஸ்டனை மேல எடுத்துக்கலாமுங்க. வேற இன்ஜின் போட்டா ஆர்சியில நம்பர் மாறிப்போயிரும், அப்பறம் எஃப்சிக்கு அலையறது ஆருங்க?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தியாவில் பதினைந்து வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சோதனைதான் எஃப்சி. இங்கிலாந்தில் நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் இல்லை, வருடாந்திரச் சோதனையும் இல்லை. கிழவனுக்குப் பென்ஷன் கொடுத்து உட்கார வைக்கிற மாதிரி. இங்கே கிழவனை ஓடிக் காட்டச் சொல்கிறார்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ் எங்கே என்று கேட்டேன். சிரித்தார். டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்து, பம்பர் ஓட்டை வழியாக விட்டு, சாவியை அணைத்த நிலையிலேயே மெதுவாகச் சுற்றினார். நாலு சிலிண்டர் வண்டியில் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை கைக்குக் கட்டியாக வர வேண்டும். கட்டி, கட்டி, கட்டி, அப்புறம் பொசுக்கென்று ஒன்று. என்னையும் சுற்றச் சொன்னார். குழந்தை கடித்துவிட்டு வைத்த வடை மாதிரி அந்த ஓர் இடம் மட்டும் தொளதொளவென்று இருந்தது. மூன்றாவது சிலிண்டர்.

பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஆயிலை ஊற்றினார். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்தச் சந்தை அடைக்கும், கை திரும்பக் கட்டியாகும். பிளக்கை மாட்டித் திரும்பச் சுற்றினால் அதே பொசுக். "பின்னாடி போயி சைலன்சர்ல காதை வைங்க தம்பி" என்றார். இருபத்தைந்து வருஷம் ஐடி வேலை பார்த்தவன் மண்ணில் மண்டி போட்டு சைலன்சர் வாயில் காதை வைத்தேன். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒரு மெல்லிய புஸ். புகையை வெளியே விடுகிற எக்சாஸ்ட் வால்வு எரிந்திருக்கிறது. 85,000 ரூபாய் மதிப்பீடு ஒரு கரண்டி ஆயிலில் கரைந்தது.

சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டைக் கழற்றியதும் அது தெரிந்தது. எலி கொறித்த முறுக்கு மாதிரி வால்வின் ஓரத்தில் ஒரு கடி. இந்த இன்ஜினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் எக்சாஸ்ட் வால்வுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, புகை போகிற வழியும் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் சூடும் அங்கேதான் அதிகம். காரணம் இன்னும் பழையது. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு உட்காரும் சீட்டுக்கு மெத்தை மாதிரி. 2000க்குப் பிறகு இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல்தான். சீட்டோ ஹெட்டின் வெறும் வார்ப்பிரும்பு. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, வால்வு உள்ளே இறங்குகிறது, வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கைக்கும் நடுவே இருக்க வேண்டிய டாப்பட் இடைவெளி அடைபடுகிறது, வால்வு முழுக்க மூடுவதில்லை, எரிகிறது. போன வருஷம் போனில் அப்பா, "டாப்பட் சத்தமே இல்ல கண்ணு, வண்டி அவ்வளவு அமைதியா ஓடுது" என்று சந்தோஷப்பட்டிருந்தார். அந்த அமைதிதான் வியாதி.

இது வரைக்கும் முதல் நாள் மதியம். "சாயங்காலம் எடுத்துக்கலாமுங்க" என்றார். இந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

ஹெட்டை ஒரு சாக்கில் கட்டி, இரண்டு பேர் தூக்கி, கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். லேத்தில் தேய்ந்த சீட்டுக்குப் பதில் சீட் ரிங் அடித்து, ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்குகிற ஃபேசிங் போட்டுத் தர வேண்டும். ஒரு நாள் வேலை. லேத்துக்காரர் ஊர் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்குப் போய்விட்டார். நாளைக்கு வந்துவிடுவார் என்று நாலு நாள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் வந்தார், அன்றைக்குக் கரண்டு இல்லை. ஆறாம் நாள் ரிங் அடித்துவிட்டு, ஃபேசிங் மெஷின்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். சாப்பாடு அடுத்த நாள் காலைதான் முடிந்தது. அத்தனை நாளும் வண்டியின் நாலு சிலிண்டர் வாயிலும் பனியன் வேஸ்ட்டைத் திணித்து, மேலே ஒரு பிளெக்ஸ் பேனரைப் போர்த்தி வைத்திருந்தார்கள். பேனரில் யாரோ ஒரு மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்திலும் இப்படி ஹெட் வேலைக்கு யாரும் இன்ஜினை இறக்க மாட்டார்கள், அது உண்மை. ஆனால் ஆறு வாரம் கழித்து ஒரு தேதி கொடுப்பார்கள், மணிக்கு 80 பவுண்டு வாங்குவார்கள், அந்தத் தேதியில் செய்து முடிப்பார்கள். பொள்ளாச்சியில் போனவுடன் கை வைத்துவிடுகிறார்கள். எப்போது எடுப்பார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஹெட் வந்த பிறகு ஒரு குறை சொல்ல முடியாது. வால்வில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, மோர் கடைகிற மாதிரி இப்படியும் அப்படியும் உருட்டினார். கரகரவென்று இருந்த சத்தம் வழுவழுவென்று மாறியதும் நிறுத்தித் துடைத்தார். வால்வைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக ஒரு வளையம். பிறகு ஹெட்டைத் திருப்பிப் போட்டு, வால்வுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டையான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினார். டீ வந்து, குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைக்கும் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஹெட் நட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கினதுதான் எனக்கு ஒப்பவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, வரிசை தப்பாமல்தான் முறுக்கினார். ஆனால் அளவு? "கை சொல்லுமுங்க தம்பி." அவர் கை அவருக்குச் சொல்லும். எனக்கு யார் சொல்வது?

டாப்பட் வைக்கும்போது அப்பா வந்து நின்றார். ஹேண்டிலைச் சுற்றுவது நான், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் மெக்கானிக் கையில். எட்டு வால்வில் எது முழுக்கத் திறந்திருக்கிறதோ, அதோடு கூட்டினால் ஒன்பது வருகிற வால்வுக்குத்தான் இடைவெளி வைக்க வேண்டும். நான் மனக்கணக்குப் போடுவதற்குள் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்: "ஒண்ணு தெறந்தா எட்டு. மூணு தெறந்தா ஆறு. நாலு தெறந்தா அஞ்சு." போன வாரம் என்னைப் பார்க்க வந்த சித்தப்பாவின் பெயர் அவருக்கு நினைவு வரவில்லை.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. டாப்பட் சத்தம் தையல் மெஷின் மாதிரி டகடகவென்று கேட்டது. லேத், வால்வு, பேக்கிங் செட், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹெட் நட்டை இன்னொரு தடவை முறுக்க வேண்டும் என்றார். கிலோமீட்டர் முள் நின்று பல வருஷம் ஆகிறதே என்றேன். "கோயமுத்தூருக்கு ஆறு தடவை போயிட்டு வந்தீங்கன்னா கணக்கு வந்துருமுங்க" என்றார்.

நான் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. டிரைவர் தம்பி ஒவ்வொரு தடவை போய் வந்ததும் அப்பா காலண்டர் அட்டையில் கரியால் ஒரு கோடு போடுகிறாராம். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், நாலு கோடு.