வேலெடுத்தவருக்கு முடி பொருந்துமா?

மூன்று வருடங்களாக ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில், கோட்டை முற்றுகையை உடைத்த பெண் தளபதிக்கு முடிசூட்டினேன். வாள்வீச்சில் அவளுக்கு இணையாக அந்த நாட்டில் ஆள் கிடையாது. படித்துப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது, எனக்கும்தான். இரண்டாம் பாகத்தைத் தொடங்கியபோது சிக்கல் வந்தது. அரியணையில் உட்கார்ந்தவள் அங்கே என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதாவது ஒரு எல்லையில் கலகத்தை மூட்டி, அவளைக் குதிரையேற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆறாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டு, முதல் பாகத்தின் முடிவையே மாற்றினேன். முடி இப்போது இறந்துபோன அரசரின் பேரன் தலையில். ஏரி மதகுகளை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கணக்குப் பார்ப்பவன் அவன். வாள் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

என் தம்பிக்குக் கோபம். "அக்கா, ஜெயிச்சது அவ. ராஜா மட்டும் இவனா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பதிலை நான் கண்டுபிடித்த இடம், டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் கடைசியில் வரும் பின்னிணைப்பு. மோதிரம் அழிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் அதற்குள் போவதில்லை. கோண்டோர் நாட்டு அரசர்களின் வரலாறு அங்கே இருக்கிறது. வீரனுக்கு முடியா, வாரிசுக்கு முடியா என்ற கேள்வி அந்த நாட்டில் பல தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு விடை கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வீரன் அரசனானால் படை பின்னால் நிற்கும், எதிரி யோசிப்பான், மக்களுக்குத் தெம்பு வரும். வாரிசு அரசனானால் 'நீ யார் கேட்க' என்ற சண்டை குறையும், பழைய சட்டமும் ஒப்பந்தமும் தொடரும். இதிலெல்லாம் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இவற்றை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

முதலில் கஸ்டமிர். கப்பற்படைத் தலைவன். எல்டகார் என்ற முறையான அரசரின் தாய் வடநாட்டுக்காரி, அதனால் ரத்தம் கலந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிய உள்நாட்டுப் போரில், மூன்றாம் யுகம் 1437ஆம் ஆண்டு (வருடங்கள் எல்லாம் அந்தக் கதை உலகின் கணக்கு) அரியணையைப் பிடித்தவன். கடற்கரை மக்கள் முழுக்க அவன் பக்கம். ஆனால் ஆட்சிக்கு வந்த பிறகு அவன் நிலத்தைப் பற்றி அக்கறைப்படவே இல்லை. கப்பல்களைப் பற்றி மட்டுமே நினைத்தான். தலைநகரையே பெலார்கிர் துறைமுகத்துக்கு மாற்றத் திட்டம் போட்டான். பத்து வருடம்தான். எல்டகார் திரும்பி வந்தபோது உள்நாட்டு மக்கள் திரளாக அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கஸ்டமிர் கொடூரமானவன், அது தனிக்கதை. என் மனதில் நின்றது அந்தத் தலைநகர் விஷயம். எந்த ஆயுதத்தால் ஒருவன் ஜெயித்தானோ, நாடு முழுவதும் அந்த ஆயுதத்துக்கான கிடங்காகவே அவன் கண்ணுக்குத் தெரிகிறது. என் தளபதி குதிரைப்படைக்காரி. நானும் அவள் ஆட்சியில் வயல்களை எல்லாம் மேய்ச்சல் நிலமாக்கிக்கொண்டிருந்தேன் என்பதை இதைப் படித்த பிறகுதான் கவனித்தேன்.

சரி, வீரனைத் தேர்ந்தெடுத்து நன்றாகப் போன கதையும் அதே நாட்டில் உண்டு. அதை மறைத்தால் நியாயமில்லை. 1944இல் கோண்டோர் அரசரும் அவருடைய இரண்டு மகன்களும் போரில் இறந்துபோகிறார்கள். வடநாட்டு இளவரசர் அர்வேடூய் உரிமை கோருகிறார். அவர் கோண்டோரை நிறுவியவர்களில் ஒருவரான இசில்டூரின் நேர் வாரிசு, இறந்த அரசரின் மகளுடைய கணவரும்கூட. மறுபக்கம் எயார்னில், அந்தப் போரை ஜெயித்துக் கொடுத்த தென்படைத் தளபதி. பெலெண்டூர் என்ற அமைச்சரின் தலைமையில் கூடிய சபை தளபதிக்கே முடியைத் தந்தது. எயார்னில் நல்ல அரசராகவும் இருந்தார். நிதானமானவர், தோற்றுப்போன அர்வேடூய்க்கே உதவிக்கு ஆள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தவர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எயார்னிலும் அரச குடும்பத்தில் பிறந்தவர்தான். சபை ரத்தத்தைத் தள்ளிவிட்டு வாளை எடுக்கவில்லை. ரத்தம் உள்ள இரண்டு பேரில், கண்ணெதிரே நிற்கிறவரை, ஜெயித்தவரை எடுத்தது. அதனால் 'வீரனும் நல்லரசன் ஆகலாம்' என்பதற்கு இது சாட்சி, 'வீரன் என்பதாலேயே அரசனாகலாம்' என்பதற்குச் சாட்சி இல்லை.

இப்போது அவருடைய மகன் எயார்னூர். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் குழம்ப வேண்டாம், அப்பா எயார்னில், மகன் எயார்னூர். என் நாவலை மாற்றியது இந்த மகன்தான், அதனால் இவனிடம் கொஞ்சம் அதிக நேரம் இருக்கப்போகிறேன்.

ஆயுதப் போட்டியில் எயார்னூர் முன்னால் நிற்க கோண்டோரில் ஒருவராலும் முடியாது. வயதான பிறகும் அந்த வலு குறையவில்லை. சண்டையும் ஆயுதப் பயிற்சியும் தவிர வேறு எதிலும் அவனுக்கு இன்பம் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1975இல் வடக்கே நடந்த ஃபோர்னோஸ்ட் போரில் எதிரிப் படைத் தலைவனான சூனிய மன்னன் அவனை நோக்கி நேராகக் குதிரையில் வந்தான். எயார்னூர் நின்றிருப்பான், அவனுடைய குதிரை நிற்கவில்லை. மிரண்டு திரும்பி ஓடிவிட்டது. சூனிய மன்னன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எயார்னூரின் மனதை விட்டுப் போகவே இல்லை.

2043இல் அப்பா இறந்து எயார்னூர் முடிசூடுகிறான். உடனே சூனிய மன்னனின் கோட்டையான மினாஸ் மோர்குலிலிருந்து சவால் வருகிறது: அன்றைக்கு ஓடினாயே, இப்போது தனியாக மோதிப் பார்க்கலாம் வா. அமைச்சர் மார்டில் எப்படியோ அவனைத் தடுத்து நிறுத்திவிட்டார். ஏழு வருடம் கழித்து, 2050இல், அதே சவால் மறுபடி வந்தது. இளமையில் கோழை, இப்போது கிழவனும்கூட என்ற ஏளனம் சேர்ந்து வந்தது. இந்த முறை மார்டிலால் முடியவில்லை. எயார்னூர் தன் முடியைக் கழற்றி அப்பாவின் கல்லறையில் வைத்துவிட்டு, சில வீரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு மோர்குலின் வாசலுக்குப் போனான். போனவர்களில் ஒருவரைப் பற்றியும் அப்புறம் ஒரு செய்தியும் இல்லை.

பிள்ளை இல்லை. இறந்தானா, சிறையில் இருக்கிறானா என்று சொல்ல சாட்சியும் இல்லை. வேறு யாரையாவது அரசனாக்கினால் பழைய உள்நாட்டுப் போர் மறுபடி மூளும் என்ற பயம். அதனால் அரசன் திரும்பி வரும்வரை என்று சொல்லி மார்டில் ஆள ஆரம்பித்தார். அந்த 'வரும்வரை' 969 வருடங்கள் நீண்டது. தலைமுறை தலைமுறையாக அமைச்சர்கள் அரியணையில் ஏறாமல், அதன் கீழ்ப்படியில் ஒரு கறுப்புக் கல் இருக்கையில் உட்கார்ந்து ஆண்டார்கள்.

எயார்னூர் கெட்டவன் இல்லை. பேராசை இல்லை, யாரையும் கொடுமைப்படுத்தவில்லை, பயம் என்பதே தெரியாது. ஒரே ஒரு விஷயம்தான் அவனால் முடியவில்லை: கூப்பிட்ட சண்டைக்குப் போகாமல் இருப்பது. வாளில் தலைசிறந்தவனுக்குத்தான் இது மிகக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுமாரான வீரனை யாராவது தனிச்சண்டைக்குக் கூப்பிட்டால், 'எனக்கு வேறு வேலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். சிறந்தவன் போகாவிட்டால் அவன் யார் என்பதே கேள்வியாகிவிடுகிறது. அவனுடைய பெயர் அவனுடைய கையில் இருக்கிறது, எதிரி அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறான். அரசனின் உடம்போ அவனுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அவன் விழுந்தால் அவனோடு வழக்குத் தீர்ப்புகள், எல்லை ஒப்பந்தங்கள், அடுத்து யார் என்ற பதில் எல்லாம் விழுகின்றன.

அதனால் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி யார் அரசனுக்குத் தகுதி என்று யாராவது கேட்டால், நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி. ஏளனம் செய்து சண்டைக்குக் கூப்பிட்டால் இவர் ஊரிலேயே இருப்பாரா?

இசில்டூரின் வழிவந்தவர், நாவலின் முடிவில் கோண்டோருக்கு அரசராகிறவர் ஆரகோர்ன். அவரை இந்தக் கேள்வியோடு பார்த்தால் கதையின் பல காட்சிகள் வேறு மாதிரி தெரிகின்றன. அவரும் பெரிய வீரர்தான். 3019 மார்ச் 15ஆம் தேதி கோண்டோர் தலைநகருக்கு வெளியே நடந்த பெலென்னோர் போரில் ஜெயித்த அன்று மாலை, நகரத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. மக்கள் கொண்டாடத் தயார். அன்றைக்கே முடியைக் கேட்டிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? அவர் தன் கொடியைச் சுருட்டச் சொல்லி, நகருக்கு வெளியே கூடாரம் போடுகிறார். அப்புறம் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க மட்டும், மேலங்கியால் மூடிக்கொண்டு உள்ளே போகிறார். அரசனின் கை வைத்தியனின் கை என்று அந்த ஊரில் ஒரு பழைய சொல் உண்டு. மக்கள் அவரை அரசர் என்று முதலில் கிசுகிசுக்க ஆரம்பித்தது அந்த வைத்தியசாலையிலிருந்துதான்.

இங்கே ஒருவர் நியாயமாகக் குறுக்கிடலாம். ஆரகோர்னும் மூன்று நாளில் சுமார் ஏழாயிரம் பேரோடு எதிரி நாட்டின் கறுப்பு வாசலுக்குப் போனாரே, அது எயார்னூர் செய்த அதே வேலைதானே? நானும் இதை வெகுநாள் யோசித்தேன். வித்தியாசம் இருக்கிறது. அவரை யாரும் ஏளனம் செய்து கூப்பிடவில்லை. எதிரியின் கண்ணை, அவனுடைய மோதிரத்தை அழிக்க ரகசியமாகப் போய்க்கொண்டிருந்த ஃபிரோடோவின் மேலிருந்து திருப்புவதற்காக, தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. அப்போது அவர் தலையில் முடியும் இல்லை. ஆள்வதற்கு அமைச்சர் வம்சத்து வாரிசான ஃபாராமிர் உயிரோடு இருக்கிறான், காவலுக்கு நகரத்தில் ஆள் விட்டுவிட்டுத்தான் போனார்கள். வழியில் பயத்தில் உறைந்துபோன இளைஞர்களைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. கெய்ர் ஆண்ட்ரோஸ் தீவை மீட்பது என்ற, அவர்களால் முடிகிற ஒரு வேலையைக் கொடுத்து வேறு பக்கம் அனுப்பினார். பயம் தெரியாத எயார்னூருக்கு இது தோன்றியிருக்குமா? ஆரகோர்ன் அரசரான பிறகும் போர்களுக்குப் போனார் என்பது உண்மை. அதனால் என் வாதம் முழுசாக ஓட்டையில்லாதது என்று சொல்ல மாட்டேன்.

மே 1ஆம் தேதி முடிசூட்டு விழாவில் ஃபாராமிர் மக்களிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். இவர் அரசராகி, நகருக்குள் வந்து, இங்கே குடியிருக்கலாமா என்று கேட்கிறான். குடியிருப்பது! அப்புறம் அவன் கொண்டுவந்து காட்டும் முடி, எயார்னூர் கல்லறையில் கழற்றி வைத்துவிட்டுப் போன அதே முடி. முதல் தடவை படித்தபோது இந்த இடத்தை நான் சும்மா தாண்டிப் போயிருந்தேன். பின்னிணைப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கண் கலங்கிவிட்டது.

முடிசூடிய பிறகு அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது பெரெகோண்ட் வழக்கு. ஃபாராமிரின் உயிரைக் காப்பாற்றுவதற்காகக் காவலை விட்டு ஓடி, புனிதமான இடத்தில் ரத்தம் சிந்திய காவலாளி. சட்டப்படி மரண தண்டனை. அரசர் சட்டத்தை இல்லையென்று சொல்லவில்லை. அவனைக் காவல் வேலையிலிருந்து நீக்கி, நகரத்தை விட்டுப் போகச் சொல்கிறார். பெரெகோண்டின் முகம் வெளுத்துப்போகிறது. போகும் இடம் ஃபாராமிரின் மெய்க்காவல் படை, அதற்கே தலைவனாக. இதற்கு வாள் எதற்கும் உதவாது.

ரோஹான் பற்றியும் ஒரு வார்த்தை. குதிரை வீரர்களின் நாடான அங்கே அரசன் என்றாலே படையின் முன்னால் போகிறவன்தான். ஹெல்ம் என்ற அரசர் 2754இல், அகம்பாவமாகத் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்த ஒருவனை ஒரே குத்தில் சாய்த்தார். நாலே வருடத்தில் அவனுடைய மகன் படையோடு வந்து தலைநகரைப் பிடித்தான். ஹெல்மும் இரண்டு மகன்களும் அந்தப் போரிலும் பனியிலும் செத்தார்கள். ஆனாலும் நாடு பிழைத்தது, ஏனென்றால் உடன்பிறந்தாளின் மகன் ஒருவன் இருந்தான். ஆரகோர்ன் காலத்து ரோஹான் அரசர் தேயோடனும் போருக்குக் கிளம்பும் முன்பே மருமகன் எயோமெரை வாரிசாக அறிவித்துவிட்டு, ஊரை அவனுடைய தங்கை எயோவினிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அடுத்தவர் யார் என்பது தெளிவாக இருக்கும் நாட்டில், நான் சொல்லும் குறை அவ்வளவு பெரிதாக வெடிப்பதில்லை போலிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் நடக்கும் கதையை நான் எழுதியதில்லை, அதனால் அங்கே என் தீர்ப்பை அவ்வளவு உறுதியாக வைக்க மாட்டேன்.

என் தளபதியை நான் கைவிடவில்லை. இன்றும் நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில் எதிரி அரசனிடமிருந்து ஓலை வருகிறது: ஆண்பிள்ளையாக இருந்தால் ஆற்றுமணலில் தனியாக வா. மதகுக்காரப் பேரன் அதைப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறான். மேற்கே மழை, ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது, விடிவதற்குள் மூன்றாவது மதகைத் திறந்தாக வேண்டும். அவனுக்குப் பதிலாகத் தான் போகட்டுமா என்று தளபதி கேட்கிறாள். அவன் உடனே பதில் சொல்லவில்லை, அவள் கையிலும் ஒரு விளக்கைக் கொடுத்துக் கரைக்குக் கூட்டிப்போகிறான். இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். முடித்ததும் முதலில் தம்பிக்குத்தான் அனுப்பப்போகிறேன்.